பள்ளி மூடியிருக்கும் நாளில் பிள்ளையிடம் எதை எதிர்பார்ப்பது?

வாசகர் கேள்வி – பதில்

மழை விடுமுறைக்குப் பின் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், பள்ளி மூடியிருக்கும் நாட்களின் வீட்டுப் படிப்பு என்ற ஒரே பொருளைப் பற்றியவையாக இருந்ததால், இந்த முறை இப்பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். பதில் எழுதுபவர் வேலூர் மாவட்ட அரசுப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்.

கேள்வி: ஐயா, நான் வீட்டிலிருந்தபடி பீடி சுற்றுகிறேன். மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. என் மகன் கொரோனா வந்த ஆண்டில்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். இப்போது ஆறாம் வகுப்பு. இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். மழைக்கு விடுமுறை விட்டால் போனில் பாடம் அனுப்புகிறார்கள். அவனும் பார்த்து எழுதி, படம் பிடித்து அனுப்புகிறான். இதனால் அவனுக்கு என்ன வந்து சேர வேண்டும்? படிக்காத நான் இதில் என்ன செய்ய முடியும்?
— ஒரு தாய், குடியாத்தம்

பதில்: அம்மா, உங்கள் மகன் இழந்த நாட்களின் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 2020 மார்ச் மாதம் மூடப்பட்ட தமிழகப் பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் மறுபடியும் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் ஒரு நாள்கூட பெஞ்சில் உட்காராமல், இரண்டாம் வகுப்பின் நடுவில் வந்து உட்கார்ந்தவன் உங்கள் மகன். உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் தீபாவளி கழிந்து பெருமழை பிடித்துக்கொண்டது. பாலாறும் உங்கள் ஊர்க் கவுண்டன்யா ஆறும் கரைபுரண்டு ஓடிய அந்த நவம்பரில் மறுபடியும் விடுமுறை, அடுத்த ஜனவரியில் மூன்றாம் அலைக்காக இன்னொரு விடுமுறை. எழுத்தும் ஒலியும் மனத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டிய வயது அப்படிக் கழிந்தது. அவன் இன்று தடுமாறுவதற்கு அவனும் காரணமல்ல, நீங்களும் காரணமல்ல. நாடு முழுவதும் கிராமப்புறங்களில் எடுக்கப்பட்ட அசர் கணக்கெடுப்பில், இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் நூற்றுக்கு 27.3 பேராக இருந்து 2022இல் 20.5 பேராகக் குறைந்திருந்தார்கள். உங்கள் மகனோடு சேர்ந்து வழுக்கியவர்கள் ஏராளம்.

வீட்டுப் படிப்பின் நோக்கம் பாடத்திட்டத்தை ஓட்டி முடிப்பது என்று நினைத்தது அந்த நாட்களில் ஆசிரியர்களாகிய நாங்கள் செய்த பெருந்தவறு. நானும் அதைச் செய்தவன். தினமும் காலையில் வாட்ஸ்அப் குழுவில் மூன்று பாடங்களின் வினா விடைகளை அனுப்புவேன். மாலைக்குள் எழுதிய பக்கங்களின் படங்கள் வந்து குவியும். எல்லாவற்றுக்கும் ‘நன்று’ என்று பதில் போட்டுவிட்டு, இன்றைய கடமை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்குவேன். ஊரடங்கு சற்றுத் தளர்ந்தபோது ஒரு மாணவியின் வீட்டுக்குப் போனேன். முத்து முத்தான கையெழுத்தில் நோட்டு முழுக்க எழுதி வைத்திருந்தாள். அதில் ஒரு வரியை விரலால் தொட்டு வாசிக்கச் சொன்னபோது, அந்தக் குழந்தை நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது. எழுத்துகளை அவள் படமாகப் பார்த்து வரைந்திருக்கிறாள். ஏழு மாதம் நான் வாங்கிய படங்களில் அது தெரியவே இல்லை.

அதன் பிறகு என் மனத்தில் ஒன்று உறுதிப்பட்டது. பள்ளி மூடியிருக்கும் நாட்களில் பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் இடையிலான கண்ணி அறுந்துவிடாமல், பள்ளி திறந்ததும் பிள்ளை திரும்பி வர வேண்டும்; ஏற்கெனவே கற்றது கையைவிட்டு நழுவாமல் இருக்க வேண்டும்; புதுப்பாடம் இவ்விரண்டுக்கும் பின்னால் நிற்கலாம். இவை நடக்கின்றனவா என்று அறிய வீட்டில் இருப்பவர்கள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் போதும்: இன்று இந்தப் பிள்ளை வாய்விட்டு வாசித்ததை யாராவது காது கொடுத்துக் கேட்டார்களா?

இதற்குப் படிப்பு வேண்டுமா என்று கேட்கிறீர்கள். உங்கள் ஊரில் உங்களைப் போலவே பீடி சுற்றும் ஒரு தாய் எனக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறேன். மடியில் முறம், அதில் தூளும் வெட்டிய இலையும். எதிரே மகள் பாடநூலோடு உட்கார்ந்து உரக்க வாசிப்பாள். தாய்க்கு எழுத்து தெரியாது. ஆனால் வாசிப்பு எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்பது காதுக்குத் தெரியுமல்லவா? மகள் திக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் கழிந்த இலைத்துண்டு ஒன்றை எடுத்து முறத்தின் விளிம்பில் வைப்பார். கை வேலை நிற்காது. பத்தி முடிந்ததும் இருவரும் துண்டுகளை எண்ணுவார்கள். முதல் நாள் பதினான்கு. அதே பத்தியை நான்காம் நாள் வாசித்தபோது ஐந்து. அந்த ஐந்து இடங்கள் எவை என்று மட்டும் மகள் எனக்குத் தொலைபேசியில் சொல்வாள். என்னுடைய அத்தனை படங்களையும்விட அந்த ஐந்து இலைத்துண்டுகள் எனக்கு அதிகம் சொல்லின.

நீங்களும் இதைச் செய்யலாம். ஆறாம் வகுப்பு நூலோடு தொடங்க வேண்டாம். மூன்றாம் வகுப்புத் தமிழ் நூல் ஒன்றை ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். ‘நீ பின்தங்கிவிட்டாய், இதைப் படி’ என்று கொடுத்தால் பதினொரு வயதுப் பையனுக்கு ரோஷம் வரும். ‘எனக்கு வாசித்துக் காட்டு, கேட்டுக்கொண்டே வேலை செய்கிறேன்’ என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். பார்த்து எழுதி அனுப்பும் வேலையைக் குறைத்து, வாசிக்கச் செய்யும் வேலையைக் கொடுக்கும்படி வகுப்பாசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள். 2021 அக்டோபரில் அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கி, தெருவுக்குத் தெரு தன்னார்வலர்களை மாலை நேரத்தில் உட்கார வைத்ததும், பிள்ளைக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகத்தான். உங்கள் வீட்டில் அந்த ஆள் நீங்கள்.

கேள்வி: என் மகள் தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். விடுமுறை நாட்களில் காலை எட்டரை முதல் ஒன்றரை வரை ஆன்லைன் வகுப்பு நடத்துகிறார்கள். கண் எரிகிறது, தலை வலிக்கிறது என்கிறாள். பள்ளியில் கேட்டால் ‘பாடம் நிற்கக் கூடாது’ என்கிறார்கள். எது சரி?
— ஒரு தந்தை, சத்துவாச்சாரி

பதில்: மகள் சொல்வதுதான் சரி. மத்திய அரசின் கல்வித்துறை 2020 ஜூலையில் வெளியிட்ட ‘பிரக்யாதா’ என்ற வழிகாட்டுதல், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு நேரலை வகுப்புகளுக்கு மேல் வேண்டாம் என்கிறது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வகுப்புகள். உங்கள் மகள் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் திரைமுன் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பெயரே எட்டு வேலைகளைக் குறிக்கும் எழுத்துகளைக் கோத்து உருவாக்கியது: திட்டமிடுதல், ஆராய்தல், ஏற்பாடு, வழிகாட்டல், பேசுதல், பணி கொடுத்தல், பின்தொடர்தல், பாராட்டுதல். இவற்றில் பேசுதல் தனியாக இடம்பெற்றிருப்பதைக் கவனியுங்கள். நாற்பது பிள்ளைகளின் ஒலியையும் நிறுத்தி வைத்துவிட்டு ஆசிரியர் ஒருவரே ஐந்து மணி நேரம் பேசினால், அங்கே பாடம் நடந்ததே தவிர பிள்ளை பேசவில்லை.

பள்ளிக்கூடத்தின் மணி அடிக்கும் கால அட்டவணையை அப்படியே திரைக்குள் கொண்டுவருவது பெற்றோருக்குத் திருப்தி தருகிறது என்பதால்தான் பல பள்ளிகள் அதைச் செய்கின்றன. ஆகவே மாற்றத்தைக் கேட்க வேண்டியவர்களும் பெற்றோரே. வகுப்பை ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிடமும் ஆசிரியர் இருபது நிமிடம் பேசட்டும். மீதி நேரத்தில் பிள்ளைகள் திரையை அணைத்துவிட்டு நூலைப் பார்த்து வேலை செய்யட்டும். நாலைந்து பெற்றோர் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள், தனியாகப் போய்க் கேட்பதைவிட அது எடுபடும்.

கேள்வி: அணைக்கட்டு வட்டத்து மலைப்பகுதியில், உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். விடுதியை மூடினால் பிள்ளைகள் மலையிலுள்ள தங்கள் ஊர்களுக்குப் போய்விடுகிறார்கள். பாறைமேல் ஏறினால்தான் சிக்னல். பத்து வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட்போன். தொலைநிலைக் கல்வி என்ற பேச்சே எங்களுக்குப் பொருந்துமா?
— ஓர் ஆசிரியர்

பதில்: பொருந்தும் ஐயா, திரையை மட்டும் மறந்துவிட வேண்டும். 2020இல் பள்ளிகள் மூடியபோது உலகெங்கும் குறைந்தது 46.3 கோடிப் பிள்ளைகளுக்கு இணையம், தொலைக்காட்சி, வானொலி என எந்த வழியிலும் பாடம் போய்ச் சேரவில்லை என்று யுனிசெப் அறிவித்தது. பீஞ்சமந்தையிலும் பாலாம்பட்டிலும் ஜார்தான்கொல்லையிலும் அந்தப் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதை நீங்கள் நேரில் பார்த்தவர்.

அதே ஆண்டில் ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா நாட்டில் செய்து பார்த்த ஒரு முயற்சி உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் உள்ள சுமார் 4,500 குடும்பங்களை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதிக்கு வாரந்தோறும் சில எளிய கணக்குகளைக் குறுஞ்செய்தியாக மட்டும் அனுப்பினார்கள். இன்னொரு பகுதிக்குக் குறுஞ்செய்தியோடு, வாரம் ஒரு முறை பயிற்றுநர் ஒருவர் அழைத்து, பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்து வைத்து, இருபது நிமிடம் வரை அந்தக் கணக்குகளைப் பற்றிப் பேசினார். சாதாரண பட்டன் போன்தான். குறுஞ்செய்தி மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடும்படியான முன்னேற்றம் தெரியவில்லை. அழைப்பும் பெற்ற பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். அனுப்பியது பலன் தரவில்லை, கேட்டது தந்தது.

ஆகவே உங்கள் வகுப்பில் முப்பது பேர் என்றால், ஒரு நாளைக்கு ஆறு பேர் என்று வைத்துக்கொண்டு, வாரத்தில் ஐந்து நாளில் எல்லோரிடமும் ஒரு முறை பேசிவிடலாம். ஒவ்வோர் ஊரிலும் யாரிடம் போன் இருக்கிறது, எந்த நேரத்தில் அவர் பாறைப் பக்கம் வருவார் என்ற பட்டியலை விடுதி திறந்திருக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மழை தொடங்கிய பிறகு அதைத் தேடிப் பயனில்லை. காகிதத்துக்கு ஒடுகத்தூர் சந்தை இருக்கிறது. மலையிலிருந்து விளைச்சலை விற்க இறங்கி வரும் பெற்றோரிடம் வாரம் ஒரு தாளைக் கொடுத்தனுப்பி, போன வாரத் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஒரே ஒரு தாள், அதற்கு மேல் வேண்டாம்.

அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஊருக்குப் போன பிள்ளை ஆடு மேய்க்கும், புளி பொறுக்கும், சாமை அறுவடையில் கூட நிற்கும். அந்த வேலைகளுக்கு நடுவில் ‘ஐந்தாம் பாடம், வினா எண் மூன்று’ என்று கேட்டால் தாள் அடுப்புக்குப் போகும். உங்கள் வீட்டில் இந்த முறை எத்தனை படி சாமை கண்டது, போன முறை எவ்வளவு என்று பாட்டியைக் கேட்டு எழுது, வித்தியாசம் என்ன என்று கணக்கிடு என்று கேட்டுப் பாருங்கள். பாட்டியிடம் கேட்க வேண்டும், எழுத வேண்டும், கழிக்க வேண்டும்; எல்லாமே கல்விதான். பள்ளி திறந்ததும் அந்தத் தாள்களைத் தைத்து வகுப்பில் வாசிக்க வையுங்கள்.

கேள்வி: கல்வித் தொலைக்காட்சியால் அந்தக் காலத்தில் பயன் இருந்ததா, இல்லையா? என் பேத்தி அதன் முன்னால் உட்கார்ந்து தூங்கிவிடுவாள்.
— ஒரு தாத்தா, காட்பாடி

பதில்: பயன் இருந்தது, ஆனால் பாதிப் பயன். 2019 ஆகஸ்டில், கொரோனாவுக்கு முன்பே தொடங்கப்பட்டுவிட்டதால்தான் பள்ளிகள் மூடியபோது அது கைகொடுத்தது. நெட் பேக் போட முடியாத வீட்டுக்கும் கேபிள் வழியாகப் பாடம் போனது, குறித்த நேரத்தில் போனது. கலைந்து கிடந்த பொழுதுக்கு அது ஓர் ஒழுங்கைக் கொடுத்தது. தொலைக்காட்சியால் பேத்தியின் குரலைக் கேட்க முடியாது என்பதுதான் குறை. 1937இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் இளம்பிள்ளை வாதம் பரவிப் பள்ளித் திறப்பு தள்ளிப்போனபோது, வானொலியில் பாடம் நடத்தியவர்கள் அதோடு நிற்காமல், பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆசிரியர்களைத் தொலைபேசி அருகே உட்கார வைத்தார்கள். உங்கள் வீட்டில் அந்த வேலைக்கு நீங்கள் இருக்கிறீர்கள். பாடம் முடிந்ததும் அணைத்துவிட்டு, ‘எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, என்ன சொன்னார்கள், நீ சொல்லு’ என்று கேளுங்கள். தாத்தாவுக்குச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தால் தூங்கமாட்டாள்.

கேள்வி: எங்கள் பிள்ளைகள் உருது வழியில் படிக்கிறார்கள். விடுமுறையில் போனில் வரும் காணொளிகள் பெரும்பாலும் தமிழிலோ ஆங்கிலத்திலோதான் இருக்கின்றன. சிறியவனுக்கு எதுவும் புரியவில்லை.
— ஒரு வாசகி, பேரணாம்பட்டு

பதில்: பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் உருது வழிப் பள்ளிகளும், ஆந்திர எல்லையோர ஊர்களில் தெலுங்கு பேசும் வீடுகளும் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், பாடம் தயாரிக்கும்போது மட்டும் அது மறந்துபோகிறது. ஆசிரியரிடம் காணொளி கேட்காதீர்கள். தினமும் மூன்று நிமிடத்துக்கு உருதில் ஒரு வாய்ஸ் மெசேஜ், அவருடைய சொந்தக் குரலில் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு கதை, ஒரு கேள்வி. பையன் தன் குரலில் பதில் அனுப்பட்டும். ஆறு, ஏழு வயதில் மொழியை வளர்ப்பதே பெரிய படிப்பு. வீட்டு மொழியில் கோவையாக ஒரு கதையைத் திருப்பிச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத் தமிழும் பின்னால் எளிதாக வரும். அவனுடைய நானியிடம், அம்மாவைப் பெற்ற பாட்டியிடம், கதைகள் இருக்குமே, அவரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கிறேன். கொரோனா முடிந்தபோது எங்கள் ஊரில் இரண்டு பையன்கள் செங்கல் சூளையிலிருந்து பள்ளிக்குத் திரும்பவே இல்லை. ஒரு பெண்ணுக்குத் திருமணம் முடித்துவிட்டார்கள். மீண்டும் நீண்ட விடுமுறை வந்தால் எங்கள் குழு என்ன செய்ய வேண்டும்?
— கே.வி.குப்பம் வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுத முடியாமல் இருந்தேன், ஏனென்றால் என் பள்ளியிலும் அப்படி மூவர் உண்டு. பாடம் விட்டுப்போனால் பின்னால் பிடித்துக்கொள்ளலாம். பிள்ளையே விட்டுப்போனால் என்ன செய்வது? நீண்ட விடுமுறையில் குழுவின் முதல் வேலை வாரந்தோறும் பெயர் கூப்பிடுவது. பிள்ளை ஊரில் இருக்கிறதா, வீட்டில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்; என்ன படித்தது என்று அப்புறம் கேட்கலாம். தெருவுக்கு ஒருவர் பொறுப்பேற்றால் அரை மணி நேர வேலை. கொரோனா காலத்தில் சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் வாங்கப் பெற்றோர் பள்ளிக்கு வந்தார்களே, அந்த வரிசை எங்களுக்குக் கிடைத்த அருமையான வாய்ப்பு. பொருளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியதோடு பலரும் நிறுத்திக்கொண்டோம். ‘பையன் எங்கே, அழைத்து வாருங்கள்’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சூளைக்குப் போனது முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பதும், 18 வயது நிரம்பாத பெண்ணுக்குத் திருமணம் செய்வதும் சட்டப்படி குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் இலவசமாக அழைக்கலாம். ஆனால் அழைப்பதற்கு முன்பே அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, என்ன கடன், என்ன அவசரம் என்று கேட்பவர் ஊரில் ஒருவர் இருக்க வேண்டும், அதற்குக் குழுவைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. இன்னொன்றும் சொல்லுங்கள்: விட்டுப்போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ‘சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கமாக இருக்கிறது’ என்று சொல்லித் திரும்ப மறுக்கும் பையனுக்கு இது தெரிந்தால் பாதித் தயக்கம் போய்விடும்.

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு, தம்பி எட்டாம் வகுப்பு. அப்பா ஷூ கம்பெனியிலிருந்து ஏழு மணிக்கு வந்தால்தான் வீட்டில் போன். வந்ததும் தம்பி வாங்கிக்கொள்வான். கேட்டால் ‘அவன் பையன், படிக்கட்டும்’ என்கிறார்கள்.
— ஒரு மாணவி, மேல்விஷாரம்

பதில்: மகளே, உன் கடிதத்தை உன் அப்பாவும் படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஐயா, இந்த ஆண்டு பொதுத்தேர்வு எழுதப்போகிறவள் உங்கள் மகள். போன் ஏழு முதல் எட்டு வரை அவளிடம் இருக்கட்டும், எட்டு முதல் எட்டரை வரை தம்பியிடம். எட்டாம் வகுப்பு வரை திரைமுன் நெடுநேரம் தேவையில்லை என்பதை மேலே சத்துவாச்சாரி அன்பருக்கு எழுதிய பதிலில் சொல்லியிருக்கிறேன்.

நீ செய்யக்கூடியது ஒன்று உண்டு. அன்றன்றைய சந்தேகங்களைப் பகலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள். போன் கைக்கு வந்ததும் வீடியோவைத் தேடாமல் முதலில் உன் ஆசிரியரை அழைத்து அவற்றைக் கேள். பத்து நிமிடம் ஆகும். அதன் பிறகு தம்பியின் பாடத்தை அவனை வாசிக்கச் சொல்லி நீ கேள். அவன் திக்கும் இடங்களை எண்ணி வைத்து, நாளை அவனுடைய ஆசிரியரிடம் சொல்லச் சொல்.